இஸ்கியாவில் வெந்நீர்க் குளியல்: சொர்ஜெத்தோவா, பொசைடன் பூங்காவா?

இத்தாலியின் நேப்பிள்ஸிலிருந்து படகில் போகிற இஸ்கியா தீவில் கடலோர வெந்நீருக்கு இரண்டு நல்ல இடங்கள். பான்ஸா ஊருக்குக் கீழே உள்ள சொர்ஜெத்தோ குடாவில் கட்டணம் இல்லை. ஆனால் 200க்கும் மேற்பட்ட படிகள், இறங்கியதை ஏறவும் வேண்டும். பாறையிடுக்கில் ஊறும் நீர் சில இடங்களில் 90 டிகிரியை நெருங்கும். கடல்நீர் கலந்தால்தான் உடம்பு தாங்கும். அலை எட்டாத பள்ளத்தில் கால் வெந்துவிடும், தொட்டுப் பார்த்தே உட்காருங்கள். கடல் கொந்தளித்தால் சூடே இருக்காது. கூழாங்கல் வழுக்கும், ரப்பர் செருப்பு அவசியம்.

சித்தாரா கடற்கரையை ஒட்டிய பொசைடனில் சுமார் 20 குளங்கள், சூடு 28 முதல் 40 டிகிரி வரை. கட்டணம் உண்டு, தலையுறை கட்டாயம், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதுதான். மற்றவர்கள் கடல் அமைதியான நாளாகப் பார்த்துச் சொர்ஜெத்தோவுக்கே போகலாம்.