எழுத்து நேசரியா, விளையாட்டு நேசரியா? இரண்டிலும் பிள்ளை விட்ட கதை

மூத்தவனை வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் இருந்த ‘எழுத்து’ நேசரியில், அதாவது கொப்பியில் எழுதப் பழக்குவதை முதல் வேலையாக வைத்த முன்பள்ளியில், விட்டோம். இளையவள் தெஹிவளையில், மாமரம் நிற்கும் முற்றமுள்ள ‘விளையாட்டு’ நேசரிக்குப் போகிறாள். பெயர்கள் வேண்டாம். கொழும்பில் இரண்டு வகைக்கும் பத்துப் பத்து உதாரணம் காட்டலாம். பிள்ளையை எதில் விடலாம் என்று யார் கேட்டாலும் நான் இரண்டாவதைத்தான் சொல்கிறேன். ஏன் என்று ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் விளக்கி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

சில்லறை விடயங்களை முதலில் முடித்துவிடலாம். கட்டணம் ஏறக்குறைய ஒன்றுதான்; தெஹிவளைக்கு வான் வண்டிக் காசு அதிகம். உடுப்புத் தோய்க்கிற வேலை விளையாட்டு நேசரியில் இரட்டிப்பு, தலையில் மணல் இல்லாமல் மகள் வந்த நாளில்லை. தடிமனும் காய்ச்சலும் இரண்டிலும் வந்தன. ஆண்டிறுதிக் கலைவிழாவும் அதற்கு உடுப்புத் தைக்கிற செலவும் இரண்டிலும் உண்டு.

பலகையில் ‘மொன்டிசோரி’ என்று இருப்பதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். நம்மூரில் அது நேசரிக்கு மறுபெயர். மரியா மொன்டிசோரி என்ற இத்தாலியக் கல்வியாளர் 1907இல் ரோமில் தன் முதல் சிறுவர் இல்லத்தைத் திறந்தவர், 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஆனால் அவர் பெயரை யாரும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். போதாததற்கு, அவருடைய முறையில் பிள்ளை செய்வதற்குப் பெயர் ‘வேலை’; கடை வைப்பது போன்ற பாவனை விளையாட்டுக்கு அவர் பெரிய ஆதரவாளர் அல்லர். ஆக, அசல் மொன்டிசோரியே கிடைத்தாலும் அது நான் சொல்லும் விளையாட்டு நேசரி ஆகாது.

எழுத்து நேசரிக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். நாலு வயதில் மகன் ஏயிலிருந்து இஸட் வரை எழுதினான், ஐம்பது வரை இலக்கம் எழுதினான், தமிழில் தன் பெயரையும் எழுதினான். சொந்தக்காரர் வந்தால் கொப்பியை எடுத்துக் காட்டலாம். விலையைப் பின்னேரத்தில் கொடுத்தோம்: தினமும் இரண்டு பக்கம் வீட்டுவேலை. மனைவி ஒரு பக்கம் அழிறப்பரோடு, அவன் மறுபக்கம் கண்ணீரோடு. 2022இல் எரிவாயு வரிசை நீண்டிருந்த நாட்களில் அவன் காலிப் பால்மா டின்களை வரவேற்பறையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் கொடுத்து, நடுவில் புகுந்த டின்னோடு சண்டை பிடித்தான். “அதை எடுத்து வைச்சிட்டு வந்து எழுது” என்று கூப்பிட்டது நான்தான்.

அந்த டின் வரிசைக்குள் எவ்வளவு இருந்தது என்று எனக்கு விளங்கியது மகளுடைய கடையால்.

அவளுடைய நேசரி மூலையில் ஒரு பழைய மேசை, அதுதான் கடை. கூழாங்கல் உருளைக்கிழங்கு, மாவிலை காசு. ஒரு நாள் நான் கொஞ்சம் முந்திப்போய் வாசலில் நின்றேன். அரை மணித்தியாலம் கடை நடந்தது. அதில் பாதி நேரம் யார் முதலாளி, யார் வாங்க வந்தவர் என்ற பேச்சுவார்த்தை. சிங்களம் பேசும் பிள்ளை “கீயத?” என்று கேட்க, மகள் தமிழில் விலை சொல்லி, விளங்காததால் விரலைக் காட்டி, பிறகு அவனிடமே சிங்கள எண்ணைக் கேட்டு வாங்கினாள். கடைசியில் ஒரு துண்டுக் கடதாசியில் வளைந்து வளைந்து ஏதோ கிறுக்கிக் கொடுத்தாள். பில்.

வைகோட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் 1930களிலேயே இதைத்தான் சொன்னார். பிள்ளை ஒரு தடியைக் குதிரை என்று ஓட்டும்போது, ஒரு பொருள் இன்னொன்றுக்காக நிற்கலாம் என்பதைப் பிடித்துக்கொள்கிறது. எழுத்தும் அதே வித்தைதான்: ஒரு கோடு ஒரு சத்தத்துக்காக நிற்கிறது. கல்லை உருளைக்கிழங்காக்கத் தெரிந்த பிள்ளைக்கு, கிறுக்கலைப் பில்லாக்குவது அடுத்த படி. எழுத்து எதற்கு என்பது அவளுக்கு எழுத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. மகன் ஏ எழுத்தை இருபது வரி எழுதினான். அதை வாசிக்க ஒருவரும் இருக்கவில்லை. மகளுடைய பில்லைக் கையில் வாங்கிக்கொண்டு போக ஒரு ஆள் நின்றான். ‘எழுதப் பழக்குவார்கள்’ என்பதற்காகவே எழுத்து நேசரியைத் தேடுகிற பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். எழுத்தை வைத்தே பார்த்தாலும் கடைதான் வெல்கிறது. பென்சில் பிடிக்கிற விரல் பலமும் களிமண் பிசைவதில் வந்துவிடும். அதை நீட்டத் தேவையில்லை.

“எல்லாம் சரி, முதலாம் தரத்துக்கு எடுக்க வேண்டாமா?” என்று என் அம்மா கேட்டார். அரசாங்கப் பாடசாலையில் முதலாம் தரத்துக்குப் பரீட்சை கிடையாது. ஜனவரி 31இல் ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். பிறகு பாடசாலைக்குக் கிட்ட வசிப்பவர்களுக்கு 50 சதவீத இடம், பழைய மாணவர் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே படிக்கிறவர்களின் சகோதரருக்கு 15 என்று போகிறது. நேர்முகத்தில் அவர்கள் பார்ப்பது உங்கள் காணி உறுதியையும் வாக்காளர் பட்டியலையும். பிள்ளையின் கையெழுத்தை அல்ல. முதலாம், இரண்டாம் தரப் பாடத்திட்டமே வழிகாட்டலுடனான விளையாட்டைத்தான் முன்னால் வைக்கிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பயத்தை மூன்று வயதுக்கு இறக்கியது நாங்கள். தனியார் பாடசாலைகளின் கதை வேறு. சிலது பிள்ளையையே இருத்தி எழுத வைக்கின்றன. அங்கேதான் சேர்ப்பது என்று தீர்மானித்துவிட்டவர்கள் என் பேச்சைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம்.

விளையாட்டு நேசரியின் பலவீனம் ரீச்சர்தான். மகளின் ரீச்சர் ஒரு மாதம் லீவில் நின்றபோது வேறொருவர் வந்தார். அதே மேசை, அதே கல். கடை நடக்கவில்லை, அடிபிடிதான் நடந்தது. “கடையில சாமான் முடிஞ்சுது, இப்ப என்ன செய்யப்போறீங்கள்?” என்று சரியான நேரத்தில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு விலகி நிற்கத் தெரிந்தவர் வேண்டும். அது இருபது பிள்ளைகளை இருத்தி ஏ எழுத வைப்பதைவிடக் கஷ்டமான வேலை. கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் சறுக்கியை வைத்துவிட்டு ‘விளையாட்டு முறை’ என்று விளம்பரம் போடும் இடங்களும் உண்டு. காலை பத்து மணிக்குப் போய் வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். கேட்பது ரீச்சரின் குரல் மட்டுமென்றால் திரும்பி வாருங்கள். பிள்ளைகளின் கத்தல் மட்டுமென்றாலும் திரும்பி வாருங்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. “இண்டைக்கு என்னம்மா படிச்சனீங்கள்?” என்று அப்பம்மா தினமும் கேட்க, “ஒண்டுமில்லை, விளையாடினனாங்கள்” என்ற பதில்தான் வரும். அதைத் தாங்குகிற மனம் வீட்டில் எல்லோருக்கும் வேண்டும். எனக்கே மூன்று மாதம் எடுத்தது.

இரண்டு பிள்ளைகளை வைத்து ஒப்பிடுவதில் எவ்வளவு உண்மை இருக்கும் என்பதும் கேள்விதான். மகன் அமைதி, மகள் வாயாடி. இடம் மாறியிருந்தாலும் அப்படியே இருந்திருப்பார்களோ என்னவோ. மகன் இப்போது மூன்றாம் தரத்தில் நன்றாகவே வாசிக்கிறான், கையெழுத்து மணிமணியாக இருக்கிறது. மகள் வருகிற ஜனவரியில்தான் முதலாம் தரம். அவளுக்கு இன்னும் பாதி எழுத்துத் தெரியாது. போன வாரத்திலிருந்து மனைவி இராச்சாப்பாட்டுக்குப் பிறகு அவளோடு உட்காருகிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பி இல்லை, கடைக்கு விலைப்பட்டியல் எழுதுகிறார்களாம். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இப்போது தொங்குகிறது: கததரிககாய் 100 ரூபா.