வண்டி தவறினால் என்ன ஆகும்? ஜப்பான், சீனா, தைவான் அதிவேக ரயில்கள்

நவம்பர் பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கேள்வி வந்துவிடும்: எந்த ஊர் புல்லட் ரயில் நல்லது? அக்கா பிள்ளைகளுக்கு வேகம் தெரிய வேண்டும், மச்சானுக்கு விலை, அம்மாவுக்குச் சாப்பாடு. வண்டியைத் தவறவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. முதன்முறை போகிறவர் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு இந்தப் பயம் பழக்கமில்லை. பெருவிரைவு ரயில் (எம்ஆர்டி) ஒன்று போனால் மூன்று நிமிடத்தில் அடுத்தது வந்து நிற்கும். பெட்டி எண், இருக்கை எண் பார்த்து ஏறும் நெடுந்தூர ரயில் நம் தீவிலிருந்து இப்போது கிடையாது. தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து மலேசியாவுக்குக் கடைசி ரயில் கிளம்பியது 2011 ஜூன் 30 இரவு. பெய்ஜிங்–ஷாங்காய் அதிவேகப் பாதையில் பயணிகள் முதன்முதலாக ஏறியதும் அதே நாள்தான். சிங்கப்பூரின் ஜூரோங் ஈஸ்டில் அதிவேக ரயில் ஏறினால் 90 நிமிடத்தில் கோலாலம்பூர் என்று 2016இல் ஒப்பந்தம் போட்டார்கள். 2020 முடிவில் அது காலாவதியாகி, மலேசியா 102.8 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி இழப்பீடு கொடுத்ததோடு கதை முடிந்தது.

ஜப்பானிலிருந்து தொடங்குகிறேன். அங்கே வண்டி தவறினால் வானம் இடிந்து விழாது. டோக்கியோ–ஒசாகா தடத்தில் நெரிசல் நேரத்தில் மிகக் குறைந்த நிலையங்களில் நிற்கும் நொசோமி வண்டிகள் மணிக்குப் பத்துக்கும் மேல் ஓடுகின்றன; கிட்டத்தட்ட நம் எம்ஆர்டி போல. முன்பதிவு செய்த வண்டி போய்விட்டால், வழக்கமான விலையில் வாங்கிய டிக்கெட்டை வைத்துக்கொண்டே அன்று பின்னால் வரும் வண்டியில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறிக்கொள்ளலாம். சலுகை விலை டிக்கெட்டுக்கு இந்தத் தாராளம் இல்லை. ஆண்டு இறுதி நெரிசல் நாட்களில் நொசோமி முழுவதும் முன்பதிவுப் பெட்டிகளாகிவிடும்; அதே தடத்தில் கூடுதல் நிலையங்களில் நிற்கும் ஹிக்காரி, கொடாமா வண்டிகளில் மட்டும் அப்போதும் முன்பதிவில்லாப் பெட்டிகள் உண்டு. டிசம்பர் கடைசி வாரத்தில் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் தடுமாற வைப்பது டிக்கெட்தான். இயந்திரத்தில் வாங்கினால் பல நேரம் இரண்டு சீட்டுகள் வரும். ஒன்று பயணக் கட்டணத்துக்கு, மற்றது அதிவேக வண்டிக்கும் இருக்கைக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாயில் இயந்திரத்தில் செருக வேண்டும். அது சரக்கென்று உள்ளே இழுத்து, இரண்டையும் மறுமுனையில் நீட்டும். மச்சான் ஒன்றை மட்டும் செருகினார். வாயில் மூடிக்கொண்டு மணி அடித்தது. பின்னால் நின்ற கோட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல், மச்சானின் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த இன்னோர் அட்டையைச் சுட்டிக்காட்டினார். வெளியே வரும்போது அட்டைகளைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், அதுவும் அனுபவம்தான்.

அடுத்தது பயணச் சாமான் பெட்டி. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், டோக்கியோ–ஒசாகா தடத்தில் பெரிய பெட்டிக்கு இடமுள்ள கடைசி வரிசை இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பதிவு செய்யாமல் ஏற்றினால் 1,000 யென். முஸ்தபா கடையில் ஆசையாக வாங்கிய 30 அங்குலப் பெட்டியைக் கிளம்பும் முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு ஜப்பான் ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு விருப்பம்போல் ஏறவிடும் ஜேஆர் பாஸ் வாங்கத் துடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்த காலம் 2023 அக்டோபரோடு போய்விட்டது. அன்று அது 50,000 ஆனது. டோக்கியோ–ஒசாகா ஒரு வழிக்கு ஏறத்தாழ 14,000 யென்தான். போய்த் திரும்ப மட்டும் என்றால் பாஸ் நட்டம். நொசோமியில் ஏற அதற்கு மேலும் கட்டணம் கட்ட வேண்டும்.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்கு ஜப்பான் கடினம். நிலையங்களில் விற்கும் எக்கிபென் பெட்டிச் சாப்பாடு பார்க்க அழகு, ஆனால் காய்கறிக்குள்ளும் மீன் சாறு இருக்கும். நாங்கள் தங்கிய வீட்டிலேயே புளியோதரை கிளறி எடுத்துப் போனோம். ஷின்கான்சென் எனப்படும் ஜப்பானிய அதிவேக ரயிலில் சாப்பிடலாம், தடையில்லை. ஆனால் எம்ஆர்டியில் வாயில் எதையாவது போட்டால் 500 வெள்ளி வரை அபராதம் என்று பழகிய அம்மா, டப்பாவைத் திறக்க வழியிலுள்ள நகோயா வரை யோசித்தார்.

சீனாவில் வண்டி தவறுவது எளிது. ஷாங்காய் ஹொங்சியாவ் மாதிரியான நிலையம் நடைமுறையில் விமான நிலையம்தான்: நுழையும்போது சாமான் சோதனை, பிறகு காத்திருப்புக் கூடம், பிறகு வாயில். வண்டி கிளம்புவதற்குச் சில நிமிடங்கள் முன்பே வாயிலை மூடிவிடுவார்கள். கீழே வண்டி நிற்பது கண்ணில் பட்டாலும் இறங்கவிட மாட்டார்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பெய்ஜிங் தெற்கு, பெய்ஜிங் மேற்கு இரண்டும் வெவ்வேறு நிலையங்கள். டாக்சியில் ஏறியபின் தெரிந்துகொண்டால் வண்டி போனதாகவே வைத்துக்கொள்ளலாம். தவறினாலும் அன்றைக்கே இடமுள்ள வேறு வண்டிக்கு ஒருமுறை மாற்றித் தருவார்கள். விடுமுறை நாளில் அந்த இடம் கிடைப்பதுதான் சிரமம்.

சீனாவில் பாஸ்போர்ட்தான் டிக்கெட். அதிகாரபூர்வ 12306 செயலியில் ஆங்கிலப் பக்கம் இருக்கிறது. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும் என்பதில்தான் நமக்கென்றே ஒரு தலைவலி: இன்னாரின் மகன், மகள் என்பதைக் குறிக்கும் எஸ்/ஓ, டி/ஓ. நான் பயன்படுத்திய ஒரு முன்பதிவுத் தளம் அந்தச் சாய்வுக்கோட்டை ஏற்கவே இல்லை. சாய்வுக்கோட்டை நீக்கிவிட்டு எழுத்துகளை மட்டும் போட்டேன். வாயிலில் இருந்த பெண் திரையையும் பாஸ்போர்ட்டையும் மூன்று முறை பார்த்து, அப்பா பெயரையும் விரலால் தொட்டுப் படித்துவிட்டு, கை அசைத்து அனுப்பினார். தானியங்கி வாயிலை நம்பி வரிசையில் நிற்காமல், ஆள் இருக்கும் ஓரத்து வாயிலைத் தேடுங்கள்.

இத்தனைக்கும் மேல் சீனாவில் கிடைப்பது தூரம். பெய்ஜிங்–ஷாங்காய் 1,318 கிலோமீட்டர், ஏறத்தாழ சென்னை–மும்பை ரயில் தூரம். வேக வண்டியில் நாலரை மணி நேரம், உச்சவேகம் மணிக்கு 350. இரண்டாம் வகுப்பு 600 யுவான் அக்கம்பக்கம். டோக்கியோ–ஒசாகா 515 கிலோமீட்டருக்குக் கொடுக்கும் ஏறத்தாழ அதே பணத்தில் இரண்டரை மடங்கு தூரம் போகலாம். பெட்டியோரம் கொதிநீர்க் குழாய் இருப்பதால் சைவ நூடுல்ஸ் பாக்கெட்டோடு பிழைத்துக்கொள்ளலாம். 2024 பிப்ரவரி 9 முதல் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை தங்க விசாவும் வேண்டாம். தனியாகப் போவதாக இருந்தால் என் கை இதைத்தான் பதிவு செய்யும்.

தென்கொரியாவின் கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் டிக்கெட் வாயிலே இல்லை. நேரே நடைமேடைக்குப் போய் ஏறலாம். முதல்முறைக்காரர்களுக்கு அது சுகம், ஆனால் நானே போகாத தடம், அதனால் இதோடு விடுகிறேன். ஜக்கார்த்தாவையும் பண்டுங்கையும் இணைக்கும் இந்தோனேசியாவின் வூஷ் அதிவேக ரயில் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது, 2023இல் வந்தது. 142 கிலோமீட்டரில் முடிந்துவிடும் அந்தப் பயணத்தில், பண்டுங் நகருக்குள் போகப் பாடாலாராங்கில் இறங்கி இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும்.

வயதானவர்களும் பிள்ளைகளுமாகப் போகும் குடும்பத்துக்கு நான் சொல்வது தைவான். 2007இல் ஓடத் தொடங்கிய இந்த ரயில் ஜப்பானியத் தொழில்நுட்பம். வண்டி தவறினால் ஜப்பானைப் போலவே அன்றைக்கு முன்பதிவில்லாப் பெட்டி உண்டு. தைப்பேயிலிருந்து காவ்சியுங் நகரின் சுவோயிங் வரை 1,490 தைவான் டாலர், வேக வண்டியில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரே ஒரு நெடும் பாதை என்பதால் திசை மாறி ஏறினால் தவிர வழி தவற வாய்ப்பில்லை. பௌத்த சைவ உணவகங்கள் ஊருக்கு ஊர் இருப்பதால் அம்மாவுக்கும் கவலையில்லை. குறை ஒன்று: தைனான் போன்ற ஊர்களில் அதிவேக நிலையம் நகரத்துக்கு வெளியே இருக்கிறது. இறங்கியபின் இருபது நிமிடத்துக்கு மேல் உள்ளூர் ரயிலில் போக வேண்டியிருந்தது.

அங்கே அறிவிப்புகள் மாண்டரின், ஹொக்கியன், ஹக்கா, ஆங்கிலம் என நான்கு மொழிகளில் வருகின்றன. துறைமுகத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்த அப்பாவுக்கு மாண்டரின் ஒரு சொல் தெரியாது. ஹொக்கியனில் பேரமே பேசுவார். மூன்று நாடுகளிலும் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், தைச்சுங் வரப்போகிறது என்ற அறிவிப்பு முடியும் முன்பே எழுந்து நின்று, "பெட்டிகளை எடுங்கள், இறங்க வேண்டும்" என்றார்.