கீழ்வழியா, வயிற்று வழியா? மலக்குடல் இறக்கத்துக்கான அறுவைச் சிகிச்சைகள்

பெரியம்மா மூன்று வருடம் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் 20 வருடத்துக்கு மேல் நர்ஸாக நின்ற என்னிடமும்தான். வெளிக்குப் போய் எழும்போதெல்லாம் ஏதோ கீழே இறங்கும். கையாலேயே உள்ளே தள்ளிவிடுவார். பழைய புடவைக் கிழிசலை மடித்து வைத்துக்கொள்வார். "மூலம்டி, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லி, பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'ஆபரேஷன் இல்லாமல் மூலம், பவுத்திரம் குணமாகும்' என்று ஒட்டியிருந்த போஸ்டரை நம்பி லேகியமும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். ஒரு நாள் தள்ளியும் உள்ளே போகவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் போன் வந்தது.

இரண்டு சர்ஜன்களிடம் காட்டினோம். ஒருவர், "76 வயசு, இதயத்துல ஸ்டென்ட் வேற இருக்கு, முதுகுல ஊசி போட்டுக் கீழ்வழியாவே முடிச்சிடலாம்" என்றார். மற்றவர், "லேப்ராஸ்கோப்பில வலை வெச்சு மேல தூக்கிக் கட்டினாத்தான் நிக்கும்" என்றார். வெளியே வந்ததும் பெரியம்மா கேட்டார்: "ரெண்டு பேரும் டாக்டர்தானே, ஏண்டி ஆளுக்கொண்ணு சொல்றாங்க?"

அந்தக் கேள்விக்கான என் பதில்தான் இது.

மூலம் இல்லை, இது வேறு

மூலத்தில் தள்ளுவது வீங்கிய ரத்தக்குழாய்த் திண்டுகள். பிளவுகள் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும், பூவிதழ் பிரிந்திருப்பது மாதிரி. மலக்குடல் இறக்கத்தில் குடலின் முழுச் சுவருமே, சட்டைக் கையை உள்பக்கமாகப் புரட்டி இழுத்ததுபோல, வெளியே வந்துவிடும். மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக வட்ட வட்டமாக இருக்கும். படுக்க வைத்துப் பார்த்தால் சில சமயம் எதுவுமே தெரியாது. உட்கார்ந்து முக்கச் சொன்னால்தான் தெரியும். கூச்சத்தில் பலர் அதற்கு உடன்படுவதில்லை, அதனால் மூலம் என்று எழுதி மருந்து கொடுத்து அனுப்பிவிடுவதும் நடக்கிறது. குடலுக்குள் கட்டி ஏதாவது இருந்து அது இழுக்கிறதா என்று பார்க்க, பெரியவர்களுக்குக் கொலோனோஸ்கோப்பி செய்துவிடுவது நல்லது. சின்னக் குழந்தைகளின் கதை வேறு. அவர்களில் பெரும்பாலோருக்கு வயிற்றுப்போக்கு, பூச்சி, மலச்சிக்கலைச் சரிசெய்தாலே தானாக நின்றுவிடும்.

குடல் ஏன் இறங்குகிறது என்பதில் சர்ஜன்களுக்குள்ளேயே பழைய வழக்கு ஒன்று உண்டு. 1912-ல் மோஷ்கோவிட்ஸ் இதை ஒரு குடலிறக்கம் (ஹெர்னியா) என்றார்: இடுப்புக்குழியின் அடியில் இருக்கும் பள்ளம் ஆழமாகி, அது குடலின் முன்சுவரைத் தள்ளிக்கொண்டு வருகிறது என்பது அவர் வாதம். 1968-ல் புரோடன், ஸ்னெல்மன் இருவரும் எக்ஸ்ரே படத்தை ஓடவிட்டுப் பார்த்து, குடல் மேலேயே தனக்குள் தான் செருகிக்கொண்டு பிறகு இறங்குகிறது என்று காட்டினார்கள். காரணத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டதால் வைத்தியமும் கிளை கிளையாகப் பிரிந்தது. வாயைச் சுருக்கு என்றார் ஒருவர், நீண்டதை வெட்டு என்றார் இன்னொருவர், மேலே தூக்கிக் கட்டு என்றார் மூன்றாமவர். இதுவரை 100-க்கும் மேற்பட்ட முறைகள் எழுதப்பட்டிருக்கின்றன. இவ்வளவு வழிகள் இருக்கின்றன என்றாலே, எதுவும் முழுசாக ஜெயிக்கவில்லை என்றுதான் பொருள்.

கீழ்வழி முறைகள்

எல்லாவற்றிலும் எளியது 1891-ல் டியர்ஷ் சொன்னது. ஆசனவாயைச் சுற்றி வெள்ளிக் கம்பியை ஓட்டி, சுருக்குப் பையின் வாயை இழுப்பதுபோல் இறுக்கிவிடுவது. குடல் உள்ளே இறங்கியபடியேதான் இருக்கும், வாசல் மட்டும் குறுகும். கம்பி அறுந்துபோகும், சதையை அரித்து வெளியே வரும், மலம் உள்ளேயே கட்டிக்கொள்ளும். இன்றைக்கு வேறு எதையும் தாங்கமாட்டார் என்ற நிலையில் இருப்பவருக்குத்தான் இதைப் பற்றிப் பேச்சே எடுக்கிறார்கள்.

1900-ல் பிரெஞ்சு ராணுவ சர்ஜன் டெலோர்ம் சொன்ன முறை இன்றும் நடப்பில் இருக்கிறது. வெளியே வந்த குடலின் உள்தோலை மட்டும் உரித்தெடுத்து, அடியில் இருக்கும் தசையைப் புடவைக் கொசுவம் போல் மடித்து மடித்துத் தைத்து, கொசுவம் மொத்தத்தையும் உள்ளே தள்ளிவிடுவார்கள். குடலை முழுக்க அறுத்து ஒட்டும் வேலை இல்லாததால் தையல் விட்டு வயிற்றுக்குள் மலம் பரவும் பயம் மிகக் குறைவு. 5 செ.மீ.க்கு உட்பட்ட இறக்கத்துக்கு இது பொருத்தம். நீளமான இறக்கத்தில் உரிப்பதே பெரிய பாடு.

அந்த நீளமானதற்குத்தான் ஆல்ட்மையர் முறை. வெளியே வந்த குடலைச் சுவரோடு வெட்டியெடுத்து, மேல்முனையை ஆசனவாய்க்கு அருகில் தைப்பது. 1889-லேயே மிகுலிச் செய்த வேலைதான், அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஆல்ட்மையர் அதைப் பிரபலமாக்கினார். இடுப்புத் தளத் தசைகளையும் அதே வழியில் இழுத்துத் தைத்துவிடலாம். இறங்கிய குடல் சிக்கி, ரத்த ஓட்டம் நின்று கறுத்துப்போனால் இதைவிட நேரான வழி இல்லை. ஆனால் மலத்தைச் சேர்த்து வைக்கும் பை போய்விடுவதால், அடிக்கடி போகவேண்டும், வந்தால் தாங்கமுடியாது என்ற தொல்லை சிலருக்கு வரும். ஒட்டிய இடம் கசியும் ஆபத்தும் உண்டு.

(சிக்கியதும் கத்திதான் என்று இல்லை. வீங்கிய குடல்மேல் சமையல் சர்க்கரையை அள்ளித் தூவினால் அது நீரை உறிஞ்சி வீக்கம் வடியும், பிறகு மெதுவாகத் தள்ளினால் உள்ளே போய்விடும். பெரியம்மாவுக்கும் எமர்ஜென்சியில் அதைத்தான் செய்தார்கள். "சர்க்கரை வியாதிக்காரிக்குச் சர்க்கரையா?" என்று அந்த வலியிலும் கேட்டார். கறுத்துப்போனதற்கு இது உதவாது. வீட்டில் செய்து பார்க்கிற வேலையும் இல்லை.)

வயிற்று வழி முறைகள்

இங்கே அடிப்படை ஒன்றுதான்: குடலைச் சுற்றிலும் விடுவித்து, மேலே இழுத்து, முதுகெலும்பின் அடியிலிருக்கும் திரிக எலும்பில் கட்டுவது. ரெக்டோபெக்சி என்பது இதுதான். எதை வைத்துக் கட்டுவது, எந்தப் பக்கம் விடுவிப்பது என்பதில்தான் சண்டை. முன்பக்கம் பட்டை போட்டுக் கட்டினார் ரிப்ஸ்டீன் (1952). பின்பக்கம் பஞ்சு போன்ற செயற்கைப் பொருளை வைத்தார் வெல்ஸ் (1959). பட்டையே வேண்டாம், நைலான் போன்ற கரையாத நூலால் நாலு தையல் போதும் என்பது இன்னொரு கட்சி. இன்று பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியில் செய்கிறார்கள்.

இந்த வகையில் நோயாளிகளிடம் சரியாகச் சொல்லப்படாத விஷயம் மலச்சிக்கல். குடலின் பின்புறத்தையும் பக்கவாட்டுத் தசைநார்களையும் விடுவிக்கும்போது குடலுக்குப் போகும் நரம்புகளும் அறுபடலாம். குடல் கச்சிதமாக மேலே நிற்கும், ஆனால் வேலை செய்யாது. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பு 15 ஆய்வுகளை, ஏறக்குறைய 1,000 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. பக்கவாட்டுத் தசைநார்களை வெட்டினால் இறக்கம் திரும்ப வருவது குறைகிறது, மலச்சிக்கல் கூடுகிறது என்பது அதில் வந்த சேதி. 'நல்லா நடந்துச்சு' என்று டிஸ்சார்ஜ் ஆகி, ஆறு மாதம் கழித்து எனிமாவுக்கு வந்து நின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே கடும் மலச்சிக்கல் உள்ளவருக்கு, மலக்குடலுக்கு மேலே தொங்கிக்கிடக்கும் சிக்மாய்டு குடலில் ஒரு துண்டை வெட்டியெடுத்துவிட்டுக் கட்டுவது ஒரு வழி. மலச்சிக்கல் குறையும், ஆனால் ஒட்டிய இடம் கசியும் அபாயத்தையும் கூடவே வாங்கிக்கொள்கிறோம். மலம் கசிகிறவருக்கு இது ஆகாது.

2004-ல் பெல்ஜியத்தின் லூவனிலிருந்து தெ ஹூர் குழு 42 நோயாளிகளின் முடிவுகளோடு வேறொரு பாதையை எழுதியது. பின்பக்கத்தைத் தொடவே வேண்டாம். முன்பக்கத்தை மட்டும் விடுவித்து, குடலின் முன்சுவரில் ஒரு வலைப்பட்டையைத் தைத்து, அதன் மறுமுனையைத் திரிக எலும்பின் மேல்முனையில் பொருத்துவது. வென்ட்ரல் மெஷ் ரெக்டோபெக்சி என்று பெயர். நரம்புகள் தப்புகின்றன, யோனிப் பக்கம் குடல் புடைத்திருந்தால் அதுவும் சேர்ந்து சரியாகிறது. இரண்டாவது சர்ஜன் சொன்னது இதைத்தான். இதையே ரோபோ கொண்டும் செய்கிறார்கள். பில் கூடுகிறது, அந்த அளவுக்குப் பலன் கூடுவதாக எனக்குத் தெரியவில்லை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

கீழ்வழி என்றால் திரும்ப வரும், வயிற்று வழி என்றால் நிற்கும் என்பது தியேட்டர்களில் வேதவாக்கு. இதைச் சோதிக்கத்தான் பிரிட்டனில் பிராஸ்பர் ஆய்வு நடந்தது. 293 நோயாளிகள், முடிவு 2013-ல். ஆல்ட்மையர் செய்தவர்களில் 24 சதவீதத்தினருக்கும், டெலோர்ம் செய்தவர்களில் 31 சதவீதத்தினருக்கும் திரும்ப இறங்கியது. வயிற்று வழியில் வெறும் தையல் போட்டவர்களில் 26 சதவீதம், வெட்டித் தைத்தவர்களில் 13 சதவீதம். எந்த வித்தியாசமும் புள்ளியியல் கணக்கில் தேறவில்லை. ஆல்ட்மையர் 1971-ல் எழுதியபோது 106 பேரில் 3 பேருக்குத்தான் திரும்பியது என்றிருந்தார். பிரபலமாக்கியவர் கையில் சுமார் 3 சதவீதம், ஊரார் கையில் 24.

இதில் ஒரு ஓட்டை உண்டு. கீழ்வழியா வயிற்று வழியா என்று நேருக்கு நேர் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டவர்கள் சுமார் 50 பேர்தான். பெரும்பாலான சர்ஜன்கள் அந்த முடிவைச் சீட்டுக்கு விடச் சம்மதிக்கவில்லை, வயசானவருக்குக் கீழ்வழி என்று தாங்களே ஒதுக்கிவிட்டார்கள். ஆக, பெரியம்மாவின் கேள்விக்கு உறுதியான விடை சொல்லும் ஆய்வு அது இல்லை. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: எந்த முறையில் செய்தாலும் மலக் கசிவும் அன்றாட வாழ்க்கையும் முன்பைவிட நன்றாகவே முன்னேறின.

வென்ட்ரல் முறையையும் பின்பக்கத் தையலையும் டென்மார்க்கின் ஆர்ஹுஸில் 75 பேரிடம் ஒப்பிட்டார்கள். ஒரு வருடத்தில் வித்தியாசம் இல்லை. ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது வலை வைத்தவர்களுக்கு மலம் கழிப்பதில் சிரமம் குறைவாக இருந்தது. ஒரு வருடக் கணக்கை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

வலை பயம்

யோனி வழியாக வைத்த வலைகளால் பெண்கள் பட்ட பாடு உலகறிந்தது. இடுப்புக்குழி உறுப்புகளின் இறக்கத்துக்கான அந்த வகை வலைகளின் விற்பனையை 2019-ல் அமெரிக்கா நிறுத்தியது. அதனால் 'வலை' என்றதும் பயப்படுவது இயல்பு. ஆனால் வயிற்று வழியாக வைக்கும் வலையை அதோடு ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. 2015-ல் வெளியான, 2,203 பேரை எடுத்துக்கொண்ட தொகுப்பில் வலை அரித்து வெளிப்பட்டது 2 சதவீதத்தினருக்கு. செயற்கை வலையில் 2.4, உயிரித்திசு வலையில் 0.7. சின்ன எண்தான், ஆனால் அந்த இரண்டு சதவீதத்தில் ஒருவராக இருப்பவருக்கு வலையைப் பிடுங்குவது முதல் அறுவையைவிடக் கொடுமை. 30 வயதுப் பெண்ணுக்கு வலை வைப்பது என்றால், இன்னும் 50 வருடம் அது உள்ளே இருக்கப்போகிறது என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும்.

அப்படியானால் யாருக்கு எது?

மயக்க மருந்தைத் தாங்கக்கூடிய, மலச்சிக்கலோடு முக்கி முக்கியே அவஸ்தைப்படும் பெண்ணுக்கு, கைப்பழக்கம் உள்ள சர்ஜன் கிடைத்தால் வென்ட்ரல் முறைக்குத்தான் என் ஓட்டு. கைப்பழக்கம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இது கற்றுத் தேற நாளாகும் வேலை. "வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நல்ல சர்ஜன் கோபப்படமாட்டார்.

இந்த நோய் கிழவிகளுக்குத்தான் வரும் என்று மேல்நாட்டுப் புத்தகங்களைப் படித்தால் தோன்றும். நம் வார்டுகளில் இளவயது ஆண்களையும் நிறையவே பார்த்திருக்கிறேன். அவர்களிடம் யாரும் வாய்விட்டுப் பேசாதது தாம்பத்தியம். இடுப்புக்குழியில் பின்பக்கம் கைவைக்கும்போது விறைப்புக்கும் விந்து வெளியேறுவதற்குமான நரம்புகள் அடிபடலாம். வாய்ப்பு குறைவு, ஆனால் கையெழுத்துப் போடும் முன் தெரிந்திருக்கவேண்டியது. கல்யாணம் ஆகாத பையன் அப்பா முன்னால் இதைக் கேட்கமாட்டான். அவனைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லவேண்டும்.

வயதும் இதயமும் இடம் தராதவருக்குக் கீழ்வழி. இறக்கம் சின்னதென்றால் டெலோர்ம், நீளமென்றால் ஆல்ட்மையர். திரும்ப வந்தால் திரும்பவும் செய்யலாம் என்பது இதன் சௌகரியம். ஆல்ட்மையர் செய்தவருக்குப் பிறகு வயிற்று வழியில் குடலை வெட்டி ஒட்டினால் மட்டும் ஆபத்து: இரண்டு தையலுக்கும் நடுவில் மாட்டும் துண்டுக்கு ரத்தம் போகாமல் போகலாம். அதனால் பழைய ஆபரேஷன் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

பெரியம்மாவுக்கு இறக்கம் 4 செ.மீ. அவரை வாட்டியது கசிவு, மலச்சிக்கல் இல்லை. "உனக்கு என்ன வேணும் பெரியம்மா?" என்று கேட்டதற்கு, "கோயில்ல தரையில உக்காந்து எந்திரிக்கணும், துணி வெக்காம" என்றார். டெலோர்ம் செய்தோம். மூன்றாம் நாள் வீடு. பல வருடம் இழுபட்ட சுருக்குத் தசை ஒரே நாளில் இறுகிவிடாது, மாதக்கணக்கில் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். ஏழு மாதம் ஆகிறது. குடல் இறங்கவில்லை. மலக் கசிவு நின்றுவிட்டது, காற்று மட்டும் இன்னும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. கோயிலுக்குப் போகிறார், தூணில் சாய்ந்து தரையில்தான் உட்காருகிறார். மடித்த துணி ஒன்று கைப்பையில் இருக்கிறது. எடுத்துப் போடச் சொன்னால், "எதுக்கும் இருக்கட்டும்டி" என்கிறார்.