அத்திப் போத்துகளுக்கான வேர்பிடிப்புப் பெட்டி: ஒரு மதிப்பீடு

சீமை அத்தியைப் போத்து (வேர்விடச் செய்வதற்காக மரத்திலிருந்து வெட்டிய குச்சி) வைத்து வளர்க்க விரும்புபவர்களுக்கென்றே விற்கப்படும் வேர்பிடிப்புப் பெட்டி ஒன்றை, வெவ்வேறு தடிமனுள்ள குச்சிகளை வைத்துப் பல முறை பயன்படுத்திப் பார்த்தபின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். மூடியுடன் கூடிய பிளாஸ்டிக் பெட்டி, அடியில் துளையிட்ட, உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடி போன்ற குவளைகள், கட்டியாக அழுத்திய தென்னை நார்த்தூள், ஒரு பொட்டலம் பெர்லைட் (கலவையில் காற்றோட்டத்துக்காகச் சேர்க்கும் எடை குறைந்த வெண்ணிறக் கல்துகள்), வேர் ஊக்கித் தூள் அடங்கிய சிறு குப்பி, குச்சியின் மேல்வெட்டைச் சுற்றி மூடுவதற்கான மெழுகுநாடா, ஒரு செய்முறைத் தாள் ஆகியவை இதில் உள்ளன. பொருள்கள் பெரும்பாலும் நல்லவை. குறையெல்லாம் செய்முறைத் தாளில்தான் இருக்கிறது. அதிலும் முக்கியமாக, தண்ணீர் பற்றி அது சொல்லும் இடத்தில்.

நார்த்தூளை "நன்றாக நனைத்து", குவளையில் நிரப்பி, குச்சியை நட்டபின் "தினமும் தண்ணீர் தெளிக்கவும்" என்று அந்தத் தாள் கூறுகிறது. இந்த இரண்டையும் அப்படியே கடைப்பிடித்தால் அத்திக் குச்சி அழுகுவதற்கே வாய்ப்பு அதிகம். வேர் இல்லாத குச்சியால் அதிக நீரை இழுத்துக்கொள்ள முடியாது. வேர் உருவாகும் இடத்துக்கோ ஈரத்தைப் போலவே காற்றும் தேவை. துகள்களுக்கு இடையிலுள்ள வெளிகளைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால், அடிவெட்டில் முதலில் பழுப்பு நிறமும் பிறகு கொழகொழப்பும் தோன்றி, அழுகல் மெல்ல மேலேறும். நனைத்த நார்த்தூளை ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழியும்போது விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. பிழிந்த உருண்டை விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்த அளவு ஈரத்தோடு நட்டு மூடியையும் போட்டுவிட்டால், பல நாள்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தேவைப்படாது. பெட்டியோடு வரும் பெர்லைட் மிகக் குறைவு என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். நார்த்தூளும் பெர்லைட்டும் சரிபாதியாக இருந்தால் காற்றோட்டம் நன்றாக அமைகிறது. கொடுக்கப்பட்ட பொட்டலமோ அதற்கு எட்டவில்லை, தனியாக வாங்கித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. நார்த்தூளில் சில சமயம் உப்பு மிகுந்திருக்கும் என்பதால், ஊறவைத்த முதல் நீரை வடித்துவிட்டு மீண்டும் ஒரு முறை அலசுவது நல்லது. செய்முறைத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பெட்டியில் என்னை முழுமையாக மகிழ்வித்தவை அந்தக் குவளைகள். வேர் வந்திருக்கிறதா என்று பார்க்கக் குச்சியை இழுத்துப் பார்ப்பதாலேயே எத்தனையோ இளம் வேர்கள் முறிந்துபோகின்றன; பக்கவாட்டில் வெள்ளை வேர் ஓடுவது கண்ணுக்கே தெரியும்போது அந்த ஆவலுக்கு இடமில்லை. ஈரத்தின் நிலையையும் குவளையே காட்டிவிடுகிறது. உட்சுவரில் நுண்ணிய நீர்த்துளிகள் படிந்திருந்தால் ஈரம் போதுமானது. துளிகள் மறைந்து, நார்த்தூள் வெளிறி, குவளையைத் தூக்கினால் கனமற்று இருந்தால் மட்டும் அடிப்பக்கமாகச் சிறிது நீர் கொடுக்கலாம்.

மூடியில் திறந்து மூடக்கூடிய காற்றுத் துளைகள் இருப்பது பூசணத்தைச் சமாளிக்கப் பெரிதும் உதவுகிறது. அடைபட்ட ஈரக்காற்றில் பட்டையின் மேல் வெண்பூசணம் படர்வது அத்தி வளர்ப்பில் மிகச் சாதாரணம். அதைக் கண்டவுடன் குச்சியைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. ஈரத்துணியால் துடைத்து, துளைகளைத் திறந்துவைத்தால் பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும். பட்டையை நகத்தால் லேசாகக் கீறும்போது உள்ளே பச்சை தெரிந்தால் குச்சி உயிரோடிருக்கிறது என்று பொருள். அடியில் மட்டும் அழுகியிருந்தால், நிறம் மாறாத நலமான பகுதி வரும்வரை வெட்டி நீக்கி, வெட்டை உலரவிட்டுப் புதிய கலவையில் மீண்டும் நடலாம். இரண்டு கணுக்கள் மிஞ்சினாலும் அந்தக் குச்சிக்கு இன்னும் வாய்ப்புண்டு. இவ்வளவு இன்றியமையாத மீட்பு முறையைத் தாளில் சேர்க்காமல் விட்டிருப்பது வருத்தத்துக்குரியது. புதிதாக முயல்பவர்கள் மனம் தளர்ந்து கைவிடுவது சரியாக இந்தக் கட்டத்தில்தான்.

இன்னொரு ஏமாற்றம், வேருக்கு முன்பே இலை வந்துவிடுவது. பெட்டியின் வெப்பத்தில் மொட்டு விரிந்து பசுமையான இலைகள் தோன்றியவுடன் செடி பிழைத்துவிட்டது என்ற எண்ணம் எழும். ஆனால் அந்த இலைகள் குச்சியில் சேர்ந்திருந்த மாவுச்சத்தையும் நீரையும் கொண்டே விரிந்தவை. வேர் இல்லாத நிலையில் மூடியைத் திறந்துவைத்தால் ஒரே நாளில் துவண்டுவிடும். ஆகவே குவளையின் பக்கங்களில் வேர் தெரியும்வரை மூடி இருந்தாக வேண்டும். குட்டிக் காய்கள் தோன்றினால், சேமிப்பை அவை உறிஞ்சிவிடாதபடி உடனே கிள்ளிவிட வேண்டும். 21 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் வேர் தோன்றப் பொதுவாக 3 முதல் 6 வாரங்கள் ஆகும். பென்சில் தடிமனுக்குக் குறையாத, 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள, முற்றிய குச்சிகள் இந்தக் காத்திருப்பைத் தாங்குகின்றன. மெல்லிய பசுங்குச்சிகள் இடையிலேயே வற்றிப்போகின்றன.

வேர் ஊக்கித் தூளைப் பற்றி விளம்பரம் செய்யும் ஆரவாரம் அத்தி விஷயத்தில் தேவையற்றது. இண்டோல் பியூட்ரிக் அமிலம் கலந்த அந்தத் தூள் பயனுள்ள பொருள்தான். ஆனால் அத்தி தானாகவே எளிதில் வேர்விடும் மரம். தூள் தடவிய குச்சிகளுக்கும் தடவாதவற்றுக்கும் இடையே, நான் கண்டவரை, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குப்பிக்குள்ளேயே குச்சியை நேராகத் தோய்க்கச் சொல்வதும் சரியல்ல, ஏனெனில் ஈரமும் கிருமிகளும் மீதித் தூளைக் கெடுத்துவிடும். தேவையான அளவைத் தனியே கொட்டிக்கொண்டு, மிஞ்சியதை எறிந்துவிட வேண்டும். குப்பியில் காலாவதி தேதி அச்சிடப்படவில்லை என்பது கவனிக்கத்தக்க குறை. மெழுகுநாடாவோ விளம்பரமே இல்லாமல் தன் வேலையைச் செம்மையாகச் செய்கிறது; மேல்வெட்டு உலராமல் காக்கிறது, மொட்டும் அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது.

வேர்விட்ட செடியை வெளியே பழக்கும் கட்டத்தைச் செய்முறைத் தாள் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. முதல் வெள்ளை வேரைக் கண்டவுடன் தொட்டிக்கு மாற்றச் சொல்வது அவசரம். அந்த வேர்கள் தொட்டால் முறியும் அளவுக்கு மென்மையானவை. அவற்றிலிருந்து கிளைவேர்கள் பிரிந்து கலவையைப் பற்றிக்கொள்ளும்வரை காத்திருந்தால், மாற்றும்போது வேர்மண் கட்டி குலையாமல் வரும். அதன் பிறகும் செடியை மூடியுள்ள பெட்டியிலோ தளர்வான உறைக்குள்ளோ வைத்து, ஒரு வாரம் பத்து நாள்கள் சிறிது சிறிதாகத் திறந்து பழக்கி, பின்னரே இளவெயிலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

குவளைகளுக்காகவும் மூடிக்காகவும் இந்தப் பெட்டியை நான் பரிந்துரைக்கிறேன். இரண்டும் பலமுறை கழுவிப் பயன்படுத்தும் அளவுக்கு உறுதியானவை. வாங்குபவர்கள் கூடுதல் பெர்லைட்டை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். போத்து எடுக்கும் தாய்மரத்தின் இலைகளில் மஞ்சள் திட்டுகள் உள்ளனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். அத்தகைய திட்டுகளை உண்டாக்கும் அத்தியின் தேமல் நோய் குச்சியோடே புதுச் செடிக்கும் வந்துவிடும், அதைப் போக்கும் பொருள் எதுவும் இந்தப் பெட்டியில் இல்லை.