வட ஒன்ராறியோவில் மூஸ் வேட்டை: குளிரில் கைகொடுத்தவையும் கைவிட்டவையும்

ரொறொன்ரோவிலிருந்து நெடுஞ்சாலை 11 வழியாக வடக்கே 900 கிலோமீற்றருக்கு மேல் ஓடினால் ஹேர்ஸ்ற் என்னும் சிற்றூர் வரும். அதைத் தாண்டினால் ஸ்புரூஸ் மரக்காடும் சதுப்பு நிலமும்தான். நவம்பர் முதல் வாரத்தில் மூன்று நண்பர்களோடு அங்கே ஆறு நாள் மூஸ் (மிகப் பெரிய காட்டுமான்) வேட்டைக்குச் சென்றிருந்தேன். காலை வேளைகளில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 16 பாகை வரை இறங்கியது. வேட்டைக்கென்று நான் வாங்கிப்போன பொருள்களில் எவை கொடுத்த விலைக்குப் பயன்பட்டன என்பதை, முதன்முறை போக எண்ணுவோருக்காக எழுதுகிறேன்.

சப்பாத்தில்தான் நான் தவறினேன். இந்த வேட்டையில் நடப்பதைவிட, மரம் வெட்டிய வெளியின் ஓரத்தில் நான்கைந்து மணிநேரம் அசையாமல் இருப்பதே அதிகம். நான் கொண்டுபோனது, குளிர்காப்புப் படை உள்ளேயே சேர்த்துத் தைக்கப்பட்ட, விலை கூடிய ஒரு சப்பாத்து. கடையில் போட்டுப் பார்த்தபோது கால் கதகதவென்று இருந்தது. முதல் நாள் சதுப்பைக் கடந்தபோது உள்ளே வியர்த்த ஈரம், இரவு முழுவதும் அடுப்பருகே வைத்தும் காயவில்லை. மறுநாள் ஒன்பது மணிக்கே கால்விரல்கள் மரத்துப்போக, விடியுமுன் போய்ப் பிடித்த இடத்தை விட்டு முகாமுக்குத் திரும்ப நேர்ந்தது. நண்பர் ஒருவர் தம்மிடம் மேலதிகமாக இருந்த சோடியைத் தந்தார். கீழ்ப்பாகம் றப்பர், மேற்பாகம் தோல், உள்ளே கழற்றியெடுக்கக்கூடிய தடித்த கம்பளி உறை. மாலையில் அந்த உறையை உருவி அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கவிட்டால், நனைந்த ஆட்டின் மணத்தோடு அதிலிருந்து ஆவி எழும்; விடியும்போது மொரமொரவென்று காய்ந்திருக்கும். மீதி நாட்களில் என் கால் குளிரவேயில்லை. வாங்குவோர் ஓர் அளவு பெரிதாகவே வாங்க வேண்டும். இறுக்கமான சப்பாத்தில் இரத்த ஓட்டம் குறைந்து, எவ்வளவு தடித்த உறையும் பயனற்றுப் போகும்.

உடையிலும் ஈரமே எதிரி. உடலோடு ஒட்டி மெரினோ கம்பளி அணிந்திருந்தேன்; பருத்தியை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள், ஏனெனில் வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்ததும் அது உடலைக் குளிரச் செய்கிறது. தடித்த மேலங்கியை நடக்கும்போது பையில் கட்டி, இடத்தைச் சேர்ந்த பின்பே போட்டுக்கொண்டோம். நைலோன் காற்சட்டை குளிரில் விறைத்து, ஒவ்வோர் அடிக்கும் சரசரத்தது. காதுகூர்மை மிக்க மூஸின் காட்டில் அந்த ஒலியை என்னால் பொறுக்க முடியவில்லை. மேலே அணியும் செம்மஞ்சள் உடையைப் பொறுத்தவரை ஒன்ராறியோ சட்டம் தெளிவானது: இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலமும், அதோடு தலையணியும் வேண்டும். இலை, கிளை அச்சிட்ட செம்மஞ்சள் துணி அந்த அளவில் சேராது. ஆகவே, கடையில் அழகாகத் தோன்றும் அத்தகைய மேலங்கியை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

துவக்கின் போல்ற்றில் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளையில்) இருந்த தடித்த எண்ணெயைப் புறப்படுமுன்பே முற்றாகத் துடைத்தெடுத்தேன். கடுங்குளிரில் அது பசைபோல் இறுகி, தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் ஊசியின் வேகத்தைக் குறைத்துவிடும். நண்பர் ஒருவர் இரவில் துவக்கைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தார். சற்று நேரத்தில், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த போத்தலைப்போல் இரும்பெல்லாம் முத்துமுத்தாக நீர் கோத்தது. காலையில் வெளியே கொண்டுபோனபோது அந்த நீர் பனிக்கட்டியாகிப் போல்ற் திறக்க மறுத்தது. அதன் பிறகு, சூடேற்றாத முன்னறையில் பூட்டிய பெட்டிக்குள்ளேயே எல்லோரும் வைத்தோம்.

எனர்ஜைசர் லிதியம் பற்றரிகள் தலைவிளக்கில் ஆறு நாளும் உழைத்தன. சாதாரண காரப் (அல்கலைன்) பற்றரிகள் இரண்டாம் நாளே மங்கின. பியூட்டேன் வாயு அடுப்பு எரியவில்லை, பியூட்டேனின் கொதிநிலை −0.5 பாகை, அதற்குக் கீழான குளிரில் அது வாயுவாக மாறாது என்பதால் அதில் வியப்புமில்லை. கையால் காற்றடித்து அமுக்கம் ஏற்றும் கோல்மன் திரவ எரிபொருள் அடுப்பில்தான் தேநீரும் சோறும் ஆயின.

நான்காம் நாள் பிற்பகலில் ஒரு கிடாய் மூஸ் கிடைத்தது. வெளியே எவ்வளவு குளிர் இருந்தாலும், தடித்த தோலும் உட்குழிவான மயிரும் உடற்சூட்டை உள்ளேயே அடக்கி, தொடை எலும்பை ஒட்டிய இறைச்சியைக் கெடுத்துவிடும். ஆகவே அங்கேயே தோலுரித்து நான்காகப் பிரித்தோம். மலிவாக வாங்கிய மெல்லிய இறைச்சிப் பைகள் முதல் தூக்கிலேயே கிழிந்தன. நெருங்க நெய்த, காற்றுப் புகும் தடித்த பருத்திப் பைகள் தாங்கின. குளிர்காட்டில் பருத்திக்கு நான் இடம் கொடுப்பது இந்த ஒன்றுக்குத்தான். பின்தொடை ஒன்றே 50 கிலோவுக்கு மேல் இருக்கும். பிள்ளைகள் சறுக்கி விளையாடும் சாதாரண பிளாஸ்ரிக் சறுக்குவண்டியில் அதை வைத்து, பனிமேல் இருவராக இழுத்து வந்தோம். பாதை வரை நான்கு நடை. கடைசிப் பையைப் பாதையில் நின்ற எங்கள் வாகனத்தில் ஏற்றியபோது இருட்டி இரண்டு மணிநேரம் ஆகியிருந்தது.