கேத்தல் உடைந்தால் யாரைக் கேட்பது? ஒப்பந்தம், தீங்கியல், அதிகார சபை: ஓர் ஒப்பீடு

கொழும்பில் வேலை செய்யும் மகள், தீபாவளிக்கு ஊர் வரும் வழியில் அட்டன் நகரக் கடையொன்றில் மின்சாரக் கேத்தல் வாங்கி, தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கும் தாயிடம் கொடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது மாதத்தில் ஒரு காலை, பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு) போகுமுன் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துத் தூக்கும்போது, கைபிடியைப் பிணைத்திருந்த இரண்டு ஆணிகளில் ஒன்று கழன்று, கொதிநீர் தாயின் காலில் கொட்டுகிறது. ஆறு வாரம் அவரால் மலையேற முடியவில்லை. ஆறு வாரமும் செக்ரோல் என்னும் வருகை, சம்பளப் பதிவேட்டில் அவருக்குப் பேர் விழவில்லை. வணிகக் கல்வி பயிலும் மாணவர் இந்த ஒரு கேத்தலை வைத்தே குறையுள்ள பொருளால் நேரும் இழப்புக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் பொருட்பொறுப்புச் சட்டத்தின், இலங்கையில் உள்ள மூன்று வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலாவது வழி, விற்றவர் மீதான ஒப்பந்த வழி. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பண்டங்கள் விற்பனைக் கட்டளைச்சட்டத்தின்படி, அவ்வகைப் பொருட்களை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்கும் பண்டம் விற்பனைக்கேற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்பது, யாரும் எழுதாமலே ஒப்பந்தத்தில் அடங்கிய நிபந்தனையாகும். இங்கே கடைக்காரர் கவனமாக இருந்தாரா என்ற கேள்வி எழுவதே இல்லை. பெட்டியைப் பிரித்து, பிளக்கில் மாட்டி, சிவப்பு விளக்கு எரிவதைக் காட்டிவிட்டே கொடுத்தாலும், உள்ளே ஒளிந்திருந்த குறைக்கு அவரே பொறுப்பு. ஆனால் வாங்கியவள் மகள், சுட்டது தாய்க்கு. ஒப்பந்தத்தில் தரப்பினரல்லாத தாயினால் இந்த வழியில் வழக்காட முடியாது. மூன்றாம் ஆளின் நன்மைக்கென ஒப்பந்தம் செய்வதை, ஒல்லாந்தர் வழியாக இலங்கைக்கு வந்த உரோமன் டச்சுச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது என்றாலும், "அம்மாவுக்குத்தான் வாங்குகிறேன்" என்று கடையில் சொன்னது மட்டும் அதற்குப் போதாது. எனவே மகள் கேத்தலின் விலையை மீட்கலாம். தாயின் ஆறு வாரச் சம்பளத்தை மீட்க முடியாது.

இரண்டாவது வழியான தீங்கியல், அதாவது ஒப்பந்தம் இல்லாமலே தீங்கு செய்தவரிடம் நட்டஈடு கேட்கும் சட்டம், அந்த இடைவெளியை நிரப்பவே வளர்ந்தது. 1928இல் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துத் தேநீர்க் கடையொன்றில் தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சிப் பானத்தைக் குடித்த பெண், போத்தலுக்குள் அழுகிய நத்தை இருந்ததாகக் கூறித் தொடர்ந்த டொனகியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கில், இறுதி நுகர்வோருக்குத் தயாரிப்பாளர் கவனக் கடமை உடையவர் என்று பிரித்தானியாவின் அன்றைய உச்ச மேன்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை 1932இல் மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பணம் கொடுத்தவர் ஒருவர், பாதிக்கப்பட்டவர் வேறொருவர் என்பதில் நம் கேத்தலும் அந்தப் போத்தலும் ஒன்றே. இலங்கையில் இதன் அடித்தளம் உரோமன் டச்சுச் சட்டத்தின் அக்கிலியன் வழக்குரிமை, அதாவது பிறர் தவறால் நேர்ந்த பண இழப்புக்கு ஈடு கேட்கும் உரிமை: தவறான செயல், கவனயீனம் அல்லது வேண்டுமென்ற தீய எண்ணம், பண இழப்பு, இவற்றுக்கிடையே காரணத் தொடர்பு ஆகிய அனைத்தையும் வழக்காளி நிகழ்தகவுச் சமநிலையில் (நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவில்) நிரூபிக்க வேண்டும். பண இழப்பைக் காட்டுவதில் தோட்டத் தொழிலாளிக்குச் சிரமம் குறைவு, செக்ரோலே சான்றாகும்.

கஷ்டமெல்லாம் கவனயீனத்திலும் காரணத் தொடர்பிலும்தான். 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் சமையல் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்தபோது எரிவாயுவின் கலவையே பெரிய கேள்வியாக எழுந்தது. ஆயினும் ஒரு தனி வீட்டில் சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய், அடுப்பு ஆகிய நான்கும் நான்கு பேரிடமிருந்து வந்தவை என்றால், எதன் குறை வெடிப்புக்குக் காரணம் என்பதை எரிந்துபோன குசினியிலிருந்து எடுத்துக்காட்டுவது எளிதல்ல. கேத்தலில் ஆணி கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பொருளை உற்பத்தி செய்த தொழிற்சாலை வெளிநாட்டில் இருக்கிறது. பெட்டியைத் திறக்காமலே விநியோகித்த இறக்குமதியாளர் கவனயீனமாக இருந்தார் என்று சொல்வதற்கு ஆதாரம் வேண்டும். தாய் கேத்தலை முன்பே கீழே போட்டிருக்கிறார் என்று எதிராளி நிறுவினால், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நட்டஈடு அவரது பங்களவுக்குக் குறையும். இத்தனைக்கும் வழக்குத் தொடுக்கக் காலவரையறை இரண்டு வருடங்கள் மட்டுமே. உடைந்த கேத்தலைக் கம்பி கட்டித் திரும்பப் பாவிக்கும் நம் வழக்கம் வழக்கின் முதற் சான்றையே அழித்துவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவதாக, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. உத்தரவாதத்துக்கு இசையாத பொருளுக்கு நட்டஈடு கொடுக்கவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ அதனால் கட்டளையிட முடியும். வழக்குச் செலவின் அச்சம் இல்லை. ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும், அந்த மூன்று மாதங்களும் விபத்து நடந்த நாளிலிருந்தல்ல, விற்பனை நாளிலிருந்தே எண்ணப்படுகின்றன. நம் கேத்தல் உடைந்தது ஐந்தாம் மாதத்தில். மாற்றித்தரும் தகராறுகளுக்கு மூன்றிலும் சிறந்த வழி இதுவே. உடற்காயத்துக்கு இதை நம்பியிருக்கக் கூடாது.

கவனயீனத்தைக் கேட்காமல் குறையை மட்டும் கேட்கும் கண்டிப்பான பொறுப்பைக் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1963இலும், ஐரோப்பியச் சமூகம் 1985ஆம் ஆண்டின் பணிப்புரையிலும் ஏற்றுக்கொண்டன. நம்மைப் போலவே உரோமன் டச்சு மரபுடைய தென்னாபிரிக்காவில் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் 2003இல், அதை நீதிமன்றம் உருவாக்குவது முறையல்ல, சட்டவாக்க சபையே செய்ய வேண்டும் என்று மறுத்தது; 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதைச் செய்தது. இலங்கையில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை. அதன் விளைவு விசித்திரமானது: தவறு செய்யாத அட்டன் கடைக்காரர் தம்மிடம் வாங்கியவருக்கு நிபந்தனையின்றிப் பொறுப்பாகிறார், ஆணியைச் சரியாக அடிக்காத தயாரிப்பாளரோ, தவறு நிரூபிக்கப்படும்வரை தப்பியிருக்கிறார். என் கணிப்பில் வணிக மாணவர் முதலில் கற்க வேண்டியது இந்த ஏற்றத்தாழ்வைத்தான், நத்தையை அல்ல.

கடைக்காரர் தமக்கு விற்றவரிடமிருந்து அதே 1896ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இழப்பை மீட்கலாம், அந்த மொத்த வியாபாரி இறக்குமதியாளரிடம் கேட்கலாம். சங்கிலி அறுபடாதிருக்க ஒவ்வொரு கண்ணியிலும் பில் வேண்டும். ஐரோப்பியப் பணிப்புரையிலும் இதே தர்க்கம் உண்டு: தயாரிப்பாளர் யாரென அறிய முடியாத பொருளை விற்றவர், நியாயமான காலத்துக்குள் தயாரிப்பாளரையோ தமக்கு விநியோகித்தவரையோ அடையாளம் காட்டாவிட்டால் அவரே தயாரிப்பாளராகக் கருதப்படுவார். கொழும்பின் மொத்த வியாபாரப் பகுதியான புறக்கோட்டையில் தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டுடன் இருபது கேத்தல்களை லொறியில் ஏற்றிக்கொண்டு மலைக்கு வரும் வியாபாரியிடம், காட்டுவதற்கு அந்தச் சீட்டைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை.