சி.பி. செற்றை யாரிடம் கொடுப்பது: டவுன் கடையா, கொழும்பா, போட்டுக்கே வருகிறவரா?

வாழைச்சேனைத் துறைமுகத்தில்தான் எங்கள் போட் கட்டியிருக்கிறது. 28 அடி பைபர் போட். கடலுக்குப் போகிறவர் மச்சான், கரையில் சாமானும் கணக்கும் பார்ப்பது நான். போன வருசம் அதிலிருந்த 27 மெகாஹேர்ட்ஸ் சி.பி. செற், அதாவது கடலில் இருந்து கரையோடும் மற்றப் போட்களோடும் பேசும் றேடியோ, மக்கர் பண்ணத் தொடங்கியது. மற்றவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கும், நாங்கள் பேசுவது தூரத்தில் யாருக்கும் போகாது. முன்பெல்லாம் பாசிக்குடாவுக்கு நேரே பத்துக் கடல் மைல் வெளியே நின்று மச்சான் பேசினால் கரையில் தெளிவாக விளங்கும். அது மூன்று மைலுக்குச் சுருங்கியது. வீட்டில் பெண்கள் இருட்டும் வரை செற்றடியில் இருந்து இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

செற் மூன்று கை மாறி நாலாவது கையில்தான் சரிவந்தது.

முதலில் கொடுத்தது மட்டக்களப்பு டவுனில் ஒரு றேடியோ, ரீவி திருத்தும் கடையில். இந்த மாதிரிக் கடைகளை நான் ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். மைக்கின் சுருள் வயர் அறுந்தது, பியூஸ் போனது, சத்தம் கூட்டும் குமிழ் கரகரப்பது என்றால் அன்றைக்கே முடித்துத் தருவார்கள், காசும் குறைவு. சிக்கல் தொடங்குவது ‘ரியூன்’ பண்ணச் சொல்லும்போதுதான். எங்கள் செற்றைத் திறந்து உள்ளே இருந்த திருகுகளைக் கூட்டிவிட்டு, “இனி நல்லா இழுக்கும்” என்று தந்தார்கள். பக்கத்தில் வைத்துக் கேட்டால் இடி மாதிரிச் சத்தம். கடலில் குரல் கிழிந்து போனது. பக்கத்துச் சனலில் பேசிக்கொண்டிருந்த போட்காரர் எங்களை ஏசினார்கள். இரண்டாம் தொழிலிலேயே, வலுவை அன்ரனாவுக்குத் தள்ளும் கடைசி ரான்சிஸ்டர் கருகிவிட்டது.

அங்கே நடந்தது என்ன என்று பிறகுதான் விளங்கியது. சி.பி. செற் ஏ.எம். என்ற சாதாரணக் குரல் முறையில் 4 வோட் அனுப்புவதற்காகச் செய்யப்பட்டது. அதை உருட்டிப் பிரட்டி 8 வோட் ஆக்கினாலும் எதிர்ப்பக்கச் செற்றில் சிக்னல் பலத்தைக் காட்டும் மீற்றரில் அரைப் புள்ளிதான் கூடும். ஒரு முழுப் புள்ளி கூட வேண்டுமென்றால் வலுவை நாலு மடங்காக்க வேண்டும். குரலை மட்டுப்படுத்தும் பகுதியை வெட்டிவிட்டால் சத்தம் கூடிய மாதிரி இருக்கும். ஆனால் சனலுக்குச் சனல் 10 கிலோஹேர்ட்ஸ்தான் இடைவெளி என்பதால் கூடின சத்தம் பக்கத்துச் சனலில் போய் விழும். ரான்சிஸ்டர் பழுக்கச் சூடாகும். ‘கூட்டித் தாறன்’ என்று முதல் வார்த்தையிலேயே சொல்கிறவரிடம் செற்றைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது கொழும்பு. இரவு பஸ்ஸில் பார்சல் போட்டு அனுப்பினேன். திரும்பி வர மூன்று கிழமை. அவர்கள் செய்தது சுத்தமான வேலை என்பதை மனதாரச் சொல்கிறேன். கருகின ரான்சிஸ்டரை மாற்றி, தாறுமாறாகக் கிடந்த திருகுகளை நிலைக்குக் கொண்டுவந்து, சனல் 19இல், அதாவது 27.185 மெகாஹேர்ட்ஸில், 4 வோட் வருகிறது என்று ஒரு துண்டில் எழுதியும் வைத்திருந்தார்கள். பழைய ரான்சிஸ்டரும் சின்னப் பையில் வந்தது. உதிரிப்பாகம் தேடுகிறவருக்கும் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவை விட்டால் வேறு கதியில்லை. ஆனால் போட்டில் பூட்டின அன்றே பழைய கதைதான், மூன்று மைல். ஒரு தடவைதான் அனுப்பினேன், அதை வைத்துக் கொழும்பு முழுவதையும் எடைபோட வரவில்லை. செற்றை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் இன்றைக்கும் அங்கே அனுப்புவேன்.

துறைமுகத்தில் போட்டுக்குப் போட் ஏறி இறங்கும் வயரிங் பாஸ் மூன்றாமவர். கூப்பிட்ட உடனே வருவார். பல்பு, பற்றரி, தண்ணி இறைக்கும் பம்பு எல்லாம் அவர் கைக்கு அடங்கும். அன்ரனா கேபிளை மல்ரிமீற்றரில் பிடித்துப் பார்த்து “கேபிள் ஓகே” என்றார். மீற்றர் ஊதினால் கம்பி அறவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். 27 மெகாஹேர்ட்ஸ் அதில் எப்படிப் போகிறது என்று அந்த மீற்றர் சொல்லாது.

நாலாமவர் ஏறாவூர் பக்கம் வீட்டிலேயே மேசை போட்டு வேலை செய்யும் ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). கேட்காமல் பெயர் போடுவது சரியில்லை. செற்றை வாங்கி, அன்ரனாவுக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் டம்மி லோட்டில் கொளுவினார், 4 வோட் வந்தது. மைக்கில் ஊதிப் பார்த்தார், தலையை ஆட்டினார். “செற்ல ஒண்டும் பிழையில்ல தம்பி. போட்ட எங்க கட்டியிருக்கீங்க?” என்று கேட்டார். மற்ற மூன்று பேரில் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. அடுத்த நாள் பஸ் பிடித்து, பையில் எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றரோடு வாழைச்சேனைக்கு வந்துவிட்டார். வலு அன்ரனாவுக்கு ஒழுங்காகப் போகிறதா, திரும்பி வருகிறதா என்று காட்டுவது அது; ஊசி 1க்குக் கிட்ட நின்றால் நல்லது.

மீற்றரை இடையில் பூட்டி மைக்கை அழுத்தினார். ஊசி 3ஐத் தாண்டி நின்றது. 3 என்றால் அனுப்புகிற வலுவில் கால்வாசி அன்ரனாவில் மோதித் திரும்பிச் செற்றுக்கே வருகிறது என்று கணக்கு. பிறகு கேபிள் நுனியில் இருந்த பிளக்கை வெட்டி, கறுப்புத் தோலை உரித்து என் கையில் தந்தார். உள்ளே பின்னல் கம்பி செம்பு நிறத்தில் இல்லை. கறுத்து, இடைக்கிடை பச்சை பூத்து, நகத்தால் சுரண்ட மாவாகக் கொட்டியது. இன்னும் ஒரு அடி வெட்டினார், அங்கேயும் கறுப்பு. மூன்றாவது வெட்டிலும் கறுப்புத்தான். உப்புத் தண்ணி பிளக் வழியாக ஏறிக் கேபிளின் உள்ளே ஓடியிருக்கிறது. அந்தக் கேபிளை அப்படியே கழற்றி எறிந்தோம்.

பற்றரிப் பக்கமும் பார்த்தார். சும்மா இருக்கும்போது செற்றில் 12.6 வோல்ட், மைக்கை அழுத்தினால் 10.9. நூல் மாதிரி மெல்லிய வயரில் மூன்று இடத்தில் முடிச்சு. பற்றரியில் இருந்து நேரே தடித்த வயர் போட்டு, பியூஸைப் பற்றரிக்குப் பக்கத்தில் வைத்தார்.

அடுத்தது அன்ரனா. லொறிக்குப் பூட்டும் கால் அலைக் கம்பி (அலை நீளத்தில் கால்வாசி) எங்களுடையது, ஏறக்குறைய 2.7 மீற்றர் நீளம். லொறியில் இரும்பு உடம்பே அதற்கு நிலம் (ஏர்த்) ஆகும். பைபரில் அந்த நிலம் கிடையாது. அன்ரனா அடியில் இருந்து இயந்திரம் வரை செம்புப் பட்டி இழுத்தார். பிறகு சனல் 1இலும் 40இலும் மாறி மாறி அளந்தார். 40இல் ஊசி கூடக் காட்டினால் கம்பி நீளம் கூடிவிட்டது, 1இல் கூட இருந்தால் நீளம் காணாது என்றார். எங்களுக்கு 40இல்தான் கூட இருந்தது. நுனிக் கம்பியை ஒவ்வொரு நூலாக இறக்கினார், ஒவ்வொரு தடவையும் என்னையே ஊசியைப் பார்க்க வைத்தார். கடைசியில் நடுச் சனலில் 1.3. செற்றின் உள்ளே இருந்த ஒரு திருகையும் அவர் தொடவில்லை.

நான் அவர் பக்கம் சாய்வதற்கு இது ஒன்றே போதும். கடலில் பாவிக்கும் செற்றைக் கேபிளையும் அன்ரனாவையும் பற்றரியையும் விட்டுத் தனியே திருத்த முடியாது, எல்லாமே உப்புக் காற்றில் ஒன்றாகத்தான் பழுதாகின்றன. ஆள் தேடும்போது நான் இப்போது கேட்பது மூன்று கேள்வி: போட்டுக்கு வருவீங்களா, எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றர் சொந்தமாக இருக்கா, முன்னும் பின்னும் ஊசியைக் காட்டுவீங்களா. முதல் கேள்விக்கே இழுத்தால் வேறு ஆள் பார்க்கலாம். கூலி டவுன் கடையை விட அதிகம்தான், பஸ் காசும் சாப்பாடும் வேறு. ஆனால் கருகின ரான்சிஸ்டருக்கும் கொழும்புக்கும் போன காசை விடக் குறைவு.

எங்கள் செற் ஏ.எம். மட்டும் உள்ளது, அதை வைத்துத்தான் இவ்வளவும் சொன்னேன். எஸ்.எஸ்.பி. (அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் முறை) உள்ள செற்றுக்கு அலைவரிசையை நுணுக்கமாக அளக்கும் கருவியும் வேண்டும், அதை நானாவே கொழும்புக்கு அனுப்பச் சொல்வார். செற்றுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதையும், ஆபத்துக்குக் கூப்பிட வீ.எச்.எப். சனல் 16 இருக்கும் செற் தனியே வேண்டும் என்பதையும் அவர்தான் நினைவூட்டினார்.

இப்போது பிளக்குக்கு மேலே தானாக ஒட்டும் ரப்பர் ரேப் சுற்றியிருக்கிறது. வாடைக் காலத்தில் போட்டைக் கரையேற்றும்போது அதை அவிழ்த்து, நுனியை வெட்டிப் புதுப் பிளக் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இந்த முறை மாசியிலேயே கூப்பிடுவதாக ஏற்பாடு. பங்குனி பிறந்தால் வாகரை வரைக்கும் போட்காரர் அவரைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.